சுருளியோடு குடித்தனம்

டெவன் ரெக்ஸ் என்று சொன்னால் ஊரில் இருக்கும் என் உறவினர்களில் பாதிப் பேர் அதை நாய் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். பூனைதான் என்று விளக்கிவிட்டுப் படத்தைக் காட்டினால் அவர்களுக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிடுகிறது. முகத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத அகன்ற காதுகள், துருத்திய கன்னங்கள், ஒட்டிய வயிறு, மீசை இருக்க வேண்டிய இடத்தில் ஒடிந்துபோன குட்டை மயிர்கள், முதுகெங்கும் அலையலையாகப் படிந்த மெல்லிய ரோமம் என்று எங்கள் வீட்டுப் பூனை எல்லா விதத்திலும் வழக்கத்துக்கு மாறானவன். வீடியோ அழைப்பில் அவனை முதன்முதலாகப் பார்த்த அம்மா, "என்னடி இது, தண்ணியில விழுந்து எழுந்த எலி மாதிரி இருக்கு? இதுக்குப் போயா காசு கொடுத்தே?" என்று கேட்டார். பிறகு சுருளி என்று பெயர் வைத்தவரும் அவரேதான். பதிவுச் சான்றிதழில் இருக்கும் நீண்ட ஆங்கிலப் பெயரை நாங்கள் எவரும் சொல்வதில்லை.

நாங்கள் வசிப்பது இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தின் எக்ஸிட்டர் நகரில். இந்தப் பூனையினம் தோன்றிய பக்ஃபாஸ்ட்லீ என்னும் சிற்றூர், ஏ38 நெடுஞ்சாலையில் காரில் சென்றால் ஏறத்தாழ அரை மணி நேரத் தொலைவில், டார்ட்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. விருந்தினர்கள் வந்தால் பக்ஃபாஸ்ட் மடாலயத்தைக் காட்ட அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். போகும் வழியெல்லாம் சுருளியின் பூர்வீகத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டே வருவதை என் கணவர் பொறுத்துக்கொள்கிறார்.

அந்தக் கதை உண்மையிலேயே சொல்லத் தகுந்தது. 1950-ல் பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில், பாட்மின் மூர் பகுதிப் பண்ணை ஒன்றில், செரீனா என்ற சாதாரணப் பூனைக்குச் சுருள் ரோமம் கொண்ட ஒரு கடுவன் குட்டி பிறந்தது. அதன் உரிமையாளரான நீனா என்னிஸ்மோர் அதற்குக் காலிபங்கர் என்று பெயரிட்டு, மரபியல் அறிந்தவர்களின் ஆலோசனைப்படி வளர்ந்தபின் தாயுடனேயே இணை சேர்த்தார்; அதிலிருந்து கார்னிஷ் ரெக்ஸ் என்ற இனம் உருவானது. ரெக்ஸ் என்ற சொல் முயல் வளர்ப்பிலிருந்து வந்தது. வழக்கத்துக்கு மாறான ரோமம் கொண்ட முயல்களுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே வழங்கி வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1960-ல், பக்ஃபாஸ்ட்லீயில் வசித்த பெரில் காக்ஸ் என்ற பெண்மணியின் தோட்டத்தில், அவர் ஆதரவு கொடுத்து வைத்திருந்த தெருப்பூனையொன்று குட்டி போட்டது. அந்த ஈற்றில் ஒரு கடுவன் மட்டும் சுருள் முடியுடன் இருந்தது. அக்கம்பக்கத்தில் கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கத்தில் திரிந்துகொண்டிருந்த, யார் கைக்கும் சிக்காத சுருள்முடிக் கடுவனே அதன் தகப்பன் என்று கருதப்பட்டது. குட்டிக்குக் கிர்லீ என்று பெயர் வைத்தார்கள்.

கார்ன்வால் பூனைகளைப் பற்றிய செய்தியைப் பத்திரிகையில் பார்த்த காக்ஸ், தம்மிடமும் அப்படியொன்று இருப்பதை வளர்ப்பாளர்களுக்குத் தெரிவித்தார். டாமர் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அடுத்தடுத்த இரண்டு மாவட்டங்களில், பத்தாண்டு இடைவெளியில் தோன்றிய ஒரே வகைச் சுருள் என்பதால், இரண்டும் ஒரே வம்சத்தின் கிளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று அனைவரும் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் கிர்லீயைக் கார்னிஷ் பெண் பூனைகளுடன் சேர்த்தபோது பிறந்த குட்டிகள் அத்தனையும் நேர் முடியுடன் வந்தன. சுருளும் சுருளும் சேர்ந்து ஒரு சுருள்கூடப் பிறக்கவில்லை என்றால், இரண்டுக்கும் காரணமான மரபணுக்கள் வெவ்வேறு என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடையாது. பின்னர் கிர்லீயை அவனுடைய மகள்களுடன் சேர்த்தபோது சுருள் திரும்பி வந்தது. 1967-ல் இரண்டும் தனித்தனி இனங்களாக பிரிட்டனில் ஏற்கப்பட்டன. இப்போது ஆய்வகங்கள் அந்தப் பழைய முடிவை உறுதி செய்திருக்கின்றன: டெவன் ரெக்ஸில் மாறியிருப்பது கே.ஆர்.டி.71 என்ற மரபணு, கார்னிஷ் ரெக்ஸில் மாறியிருப்பது எல்.பி.ஏ.ஆர்.6. உடம்பில் முடியே இல்லாததாகத் தோன்றும் ஸ்ஃபிங்ஸ் பூனையிலும் அதே கே.ஆர்.டி.71 மரபணுதான், வேறொரு இடத்தில், பழுதுபட்டிருக்கிறது. அதனால்தான் சுருளியின் வயிற்றைத் தடவும்போது அவன் மயிரிழையில் மொட்டையாகாமல் தப்பித்தவன் என்று எனக்குத் தோன்றும்.

சுருள் எவ்வளவு அழகு என்றுதான் வருபவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள். எங்கள் அன்றாட வாழ்க்கையை நடத்திச் செல்வது அந்தச் சுருள் அன்று. அந்த மரபணு மாற்றத்தால் அவன் இழந்தவை. கே.ஆர்.டி.71 மரபணு, முடி வேரைச் சூழ்ந்திருக்கும் உட்புற உறைக்கு வேண்டிய புரதத்தை உண்டாக்குகிறது. முளைத்து வரும் முடிக்கு வடிவம் தருவது அந்த உறைதான். உறை சீராக இல்லாதபோது முடி வளைந்து வளர்வதோடு வலுவற்றதாகவும் ஆகிவிடுகிறது. சாதாரணப் பூனைக்கு மேல்முடி, இடைமுடி, அடிமுடி என்று மூன்று அடுக்கு உண்டு; கார்னிஷ் ரெக்ஸுக்கு மேல்முடி அறவே கிடையாது; டெவனுக்கு மூன்றும் உண்டென்றாலும் மேல்முடி குட்டையாகவும் சிதைந்தும் இருக்கும். இடுக்கில் முகத்தை நுழைத்தாலே மீசை ஒடிந்துவிடும். சுருளி குட்டியாக வந்து சில வாரங்களில் மார்பிலும் கழுத்திலும் இருந்த முடி உதிர்ந்து, இளஞ்சிவப்புத் தோல் தெரியத் தொடங்கியது. டெவன் குட்டிகளுக்கு இப்படியோர் உதிர்காலம் உண்டு. பிறகு புதிய முடி வந்து மூடிவிடும். வளர்ந்த பின்னும் ஓயாமல் நக்கும் இடங்களில் முடி தேய்ந்து போவதும் வருவதுமாக இருக்கும்.

மூடும் கம்பளி இல்லாத உடம்பு வெப்பத்துக்கு அலைகிறது. பூனைகளின் உடல் வெப்பம் பொதுவாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், சுருளிக்கும் அதேதான். ஆனால் மற்ற பூனைகளில் ரோமத்துக்குள் அடங்கியிருக்கும் சூடு இவனிடம் நேரடியாக நம் கைக்கு எட்டிவிடுவதால், மடியில் படுத்தால் காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிவைத்திருப்பதாக முதலில் பயந்துவிட்டேன். அக்டோபர் பிறந்தால் அவனுடைய நாளை ரேடியேட்டரின் மேல்தட்டு, என் மடிக்கணினியின் விசைப்பலகை, வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி, இரவில் எங்கள் போர்வைக்குள் முழங்காலின் மடிப்பு என்று பிரித்துவிடலாம். போர்வைக்கு மேலே படுப்பது என்ற வழக்கமே அவனுக்குக் கிடையாது. கோடையில் வேறு கவலை. சன்னலோர வெயிலில் கண் சொக்கிக் கிடப்பவனை ஒரு கட்டத்துக்கு மேல் விட்டுவைத்தால், முடி மெலிந்த நெற்றிப்பகுதியும் காதும் வெயிலில் சிவந்துவிடும். எனவே திரைச்சீலையை இழுப்பதும் அவன் அதை மூக்கால் விலக்குவதுமாக நண்பகல் கழியும்.

சூட்டை இழந்துகொண்டே இருக்கும் உடம்புக்கு எரிபொருளும் அதிகம் வேண்டும். மூன்றரைக் கிலோகூட எட்டாத இந்தப் பூனை சாப்பிடுவதைப் பார்த்தால், போன பிறவியில் ஏதோ கல்யாணப் பந்தியில் பாதியில் எழுப்பிவிட்டார்கள் போலும் என்று மாமியார் சொல்வார். பசி ஒரு பக்கம் இருக்க, எதையும் எடுத்துப் பார்க்கும் துணிச்சல் இன்னொரு பக்கம். நான் அப்பளம் பொரிக்கும்போது சுருளி குளிர்சாதனப் பெட்டியின் மேல் குந்தியிருப்பான். எண்ணெய் வடியட்டும் என்று தட்டில் அடுக்கிவிட்டு நான் அடுப்பைத் தணிக்கத் திரும்பும் நேரத்தில் ஓசையின்றிக் கீழே இறங்கி, வலது முன்னங்காலை நீட்டி, நகத்தின் நுனியை மட்டும் அப்பளத்தின் விளிம்பில் கொக்கியிட்டுத் தன் பக்கம் இழுப்பான். தட்டு நகராது, அப்பளம் மட்டும் நகரும். பிடிபட்டால் காதுகளைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொண்டு என்னை நேராகப் பார்ப்பானே தவிர, காலை எடுக்கமாட்டான்.

இது சிரிப்புக்குரியதாக இருந்தாலும் நம் சமையலறையில் எச்சரிக்கை தேவைப்படும் இடமும் இதுவே. வெங்காயமும் பூண்டும் பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தத் தீங்கு குறைவதில்லை. சாம்பார், குழம்பு, சட்னி என்று எதை எடுத்தாலும் இவ்விரண்டில் ஒன்று இருக்கும் வீட்டில், எல்லாப் பாத்திரத்துக்கும் மூடி என்பது சுருளி வந்த பிறகு எழுதப்படாத சட்டமாகிவிட்டது. லில்லி வகைப் பூக்களைப் பூங்கொத்தில்கூட வீட்டுக்குள் விடுவதில்லை; அவற்றின் மகரந்தம் ரோமத்தில் பட்டு, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். தலைமுடி கட்டும் ரப்பர் வளையங்கள் இழுப்பறையில் பூட்டப்பட்டிருக்கின்றன. அவன் அவற்றைப் பந்தாடுவதோடு நிறுத்தாமல் விழுங்கவும் பார்ப்பான். நூலோ ரப்பரோ குடலில் சிக்கினால் அறுவைச் சிகிச்சைதான்.

குளிப்பாட்டும் விஷயம் தனி அத்தியாயம். தோலில் ஊறும் எண்ணெயைச் சாதாரணப் பூனையின் அடர்ந்த முடி உறிஞ்சிப் பரப்பிவிடுகிறது. சுருளிக்கு அந்த வசதி இல்லாததால் எண்ணெய் தோலிலேயே பிசுக்காகத் தங்குகிறது. அவன் வழக்கமாகப் படுக்கும் தலையணை உறையில் ஒரு மங்கலான பழுப்பு வட்டம் விழும். நகக்கண்களில் கரும்பழுப்பு நிறத்தில் அழுக்கு திரளும். ஒவ்வொரு விரலையும் மெல்ல அழுத்தி நகத்தை வெளியே வரச்செய்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவரை துடைக்க வேண்டும். காதுதான் பெரிய வேலை. அத்தனை அகலக் காதிலும் உட்புறம் முடி குறைவு என்பதால் குறும்பி வேகமாகச் சேர்கிறது. வாரந்தோறும் மருத்துவர் தந்த திரவத்தைச் சில சொட்டு விட்டுக் காதின் அடிப்பகுதியைத் தேய்த்தால் உள்ளே சளசளவென்று கேட்கும். அவன் தலையை உதறியதும் வெளிவருவதை மட்டும் பஞ்சில் எடுத்துவிட வேண்டும், குச்சியை உள்ளே விடக் கூடாது. உதறும்போது எதிரில் நிற்பவரின் சட்டையில் என்ன தெறிக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. இந்த இனத்தின் தோலில் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகும் போக்கு உண்டு. பிசுக்கோடு சேர்ந்து ஒரு புளித்த வாடை வந்தால் அதைக் குளிப்பாட்டித் தீர்க்க நினைக்காமல் மருத்துவரிடம் காட்டுவதே சரி. குளியலுக்குப் பூனைகளுக்கான மென்மையான ஷாம்பு போதும். சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டு என்ற அம்மாவின் யோசனையை நான் மரியாதையோடு தள்ளிவைத்திருக்கிறேன். சீப்பும் பெரும்பாலும் வேண்டாம், முடி ஒடியும். ஈரக் கையால் நீவிவிட்டாலே அலை மறுபடியும் படிந்துவிடுகிறது.

இதையொட்டிப் பரவியிருக்கும் ஒரு நம்பிக்கையையும் இங்கே மறுத்துவிட வேண்டும். முடி குறைவு என்பதால் ஒவ்வாமை உள்ளவர்களும் இந்தப் பூனையை வளர்க்கலாம் என்று விற்பவர்கள் சிலர் சொல்கிறார்கள். பூனை ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் முடியன்று, ஃபெல் டி 1 என்ற புரதம். அது எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறுகிறது. டெவன் ரெக்ஸுக்கு எச்சிலும் உண்டு, எண்ணெயும் தாராளமாக உண்டு. சோபாவில் முடி ஒட்டுவது குறையும், அவ்வளவுதான். என் தோழி ஒருத்தி இந்த நம்பிக்கையோடு சுருளியை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, வீட்டுக்குப் போகும்வரை தும்மிக்கொண்டே இருந்தாள்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவனுக்கே கோபம் வரும். காகிதத்தைக் கசக்கி எறிந்தால் ஓடிப்போய் வாயில் கவ்விக்கொண்டு வந்து நம் காலடியில் போடுவான். இதை நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. நாம் நிறுத்தினால் காகிதத்தை எடுத்துத் தேநீர்க் கோப்பைக்குள் போடுவான். கைப்பிடி உள்ள எந்த அலமாரிக் கதவும் அவனுக்குத் திறந்த கதவு, ஆகவே குழந்தைகள் உள்ள வீடுகளில் போடும் பூட்டுகளைப் போட்டிருக்கிறோம். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதால் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் அந்தப் பூட்டுகளை ஒருமுறை விசித்திரமாகப் பார்த்தார். உயரத்திலிருந்து தோளுக்குத் தாவுவது அவனுக்கு மிகவும் பிடித்த காரியம். வீட்டுக்கு வருபவர்களிடம் காலணியைக் கழற்றச் சொல்வதற்கு முன்பே தோளைப் பற்றி எச்சரித்துவிடுகிறோம். நகங்களை ஒழுங்காக வெட்டிவிடுவதற்கு அழகு காரணமன்று, என் தோள்பட்டைதான் காரணம். அவனை வீட்டுக்குள்ளேயே வளர்க்கிறோம். குளிரும் ஈரமும் தாங்காத உடம்போடு, எதைக் கண்டும் அஞ்சாத, எவரையும் நம்பிவிடுகிற குணமும் இருப்பதால் தெருவில் விடுவதற்குத் துணிவில்லை. ஆனாலும் மைக்ரோசிப் இருக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் 20 வார வயதைக் கடந்த எல்லா வளர்ப்புப் பூனைகளுக்கும் அது கட்டாயம்.

அவனால் தாங்க முடியாதது தனிமை. நான் அலுவலகம் செல்லத் தொடங்கிய காலத்தில், மாலையில் திரும்பி வந்தால் கதவைத் திறக்கும் முன்பே உள்ளே அவன் குரல் கேட்கும். அன்றைய நாள் முழுவதுக்குமான கணக்கைக் கேட்பவனாகத் தோளில் ஏறிக்கொண்டு கழுத்தில் மூக்கை வைத்து முகர்வான். வயிற்றுப் பகுதியை நக்கி நக்கி முடியைத் தேய்த்துவிட்டதையும் அப்போதுதான் கவனித்தோம். தோல் நோய் எதுவும் இல்லை என்று சோதித்துப் பார்த்த மருத்துவர், வீடு எத்தனை மணி நேரம் காலியாக இருக்கிறது என்று கேட்டார். அவனை எங்களுக்குத் தந்த வளர்ப்பாளர் அம்மையாரும் முதல் சந்திப்பிலேயே பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேட்டது இதே கேள்வியைத்தான்.

அந்த அம்மையாரிடம் நான் கற்றுக்கொண்டவற்றை, இந்த இனத்தை வாங்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இன்று உலகில் உள்ள டெவன் ரெக்ஸ்கள் எல்லாம் அந்த ஒற்றைக் கிர்லீயின் வழித்தோன்றல்கள். சுருள் ஒடுங்கு பண்பு என்பதால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அதைத் தக்கவைக்கத் தொடக்கத்தில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்க்க வேண்டியிருந்தது. சுருளைக் காப்பாற்றிய அதே வழியில் வேறு சில குறைகளும் இனத்துக்குள் தங்கிவிட்டன. அவற்றில் கொடியது, சி.ஓ.எல்.க்யூ. என்ற மரபணுப் பழுதால் வரும் தசைத் தளர்ச்சி. பாதிக்கப்பட்ட குட்டி சில வார வயதிலிருந்து சில மாதங்களுக்குள் தலையைத் தாங்க முடியாமல் தொங்கவிடும். எதன் மீதாவது முன்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து உட்காரும். உணவுக்குழாயும் வலுவிழப்பதால் சாப்பாடு தொண்டையில் அடைத்தே உயிர் போகலாம். இதற்கு டி.என்.ஏ. சோதனை உண்டு, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினால் போதும். பெற்றோர் இரண்டின் முடிவையும் தாளில் காட்ட மறுக்கும் எவரிடமும் குட்டி வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இதயத் தசை தடித்துப்போகும் நோயும், பின்கால் முட்டிச் சில்லு விலகுவதும் இந்த இனத்தில் காணப்படுபவை. இதயத்துக்கு அவ்வப்போது ஸ்கேன் பார்ப்பது நல்லது.

இரத்தப் பிரிவைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். பிரிட்டனின் சாதாரணப் பூனைகளில் பெரும்பாலானவை ஏ பிரிவு; டெவன் ரெக்ஸில் பி பிரிவு மிக அதிகமாக இருக்கிறது. பி பிரிவுப் பூனையின் உடம்பில் ஏ பிரிவுக்கு எதிரான பொருள் பிறவியிலிருந்தே வலுவாக இருப்பதால், விபத்தில் அவசரமாகத் தவறான இரத்தத்தை ஏற்றினால் முதல் முறையே உயிருக்கு ஆபத்து. பி பிரிவுத் தாய்க்கு ஏ பிரிவுக் குட்டி பிறந்தால், முதல் நாள் தாய்ப்பாலே குட்டிக்கு நஞ்சாகிவிடுகிறது. பொறுப்பான வளர்ப்பாளர்கள் இணை சேர்க்கும் முன்பே இரண்டின் இரத்தப் பிரிவையும் பார்ப்பது இதனால்தான். சுருளி பி பிரிவு. அவனுடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் அது சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது. 1910 முதல் இயங்கிவரும் பூனை இனப் பதிவு அமைப்பான ஜி.சி.சி.எஃப்., குட்டிகளை 13 வாரம் நிறைவதற்கு முன் புதிய வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. எட்டு வாரத்திலேயே தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தனிமைக்குத் தீர்வாக இன்னொரு டெவன் வாங்கலாமா என்று யோசித்தோம். இரண்டு ஜோடிக் காதுகளைத் துடைக்கும் பொறுமை எங்கள் இருவருக்கும் இல்லை என்பதால், காப்பகத்திலிருந்து நடுவயதுப் பெண் பூனையொன்றை அழைத்து வந்தோம். கறுப்பு நிறம், அடர்ந்த நேர் முடி, எதற்கும் அசையாத குணம், பெயர் முனியம்மா. முதல் சில வாரங்கள் நடுவில் கம்பித் தடுப்பு வைத்து, துணிகளை மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்கி, மெல்ல மெல்ல இருவரையும் சேர்த்தோம். முனியம்மாவுக்கு விளையாட்டில் நாட்டமில்லை, ஆனால் அவள் முதுகில் நல்ல கம்பளி இருக்கிறது. சுருளிக்கு அது போதுமானதாக இருந்தது. வயிற்று முடியும் திரும்ப வளர்ந்துவிட்டது. இப்போதைய சிக்கல் சாப்பாட்டில்தான். எடையைக் குறைக்கச் சொல்லி முனியம்மாவுக்குத் தனி உணவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சுருளிக்கோ எவ்வளவு வைத்தாலும் போதவில்லை. இருவரும் அடுத்தவர் தட்டையே குறிவைப்பதால், அவளுக்குக் குளியலறையிலும் அவனுக்குச் சமையலறையிலும் வைத்து, நடுவில் உள்ள கதவை நான் சாத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கைப்பிடி இல்லாத கதவாகப் போட்டுத்தர ஒரு தச்சரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.